முடிக்காத குவியல் யாருக்கும் கடன் அல்ல

வாங்கி வைத்ததை முதலில் முடி, அப்புறம் அடுத்ததைத் தொடு. வீடியோ கேம் விளையாடும் பெரியவர்களுக்கும், மேசைப் போர் விளையாட்டுக்கான குட்டி உருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர்களுக்கும் ஊரே கூடிச் சொல்லும் புத்திமதி இது. கணினியில் திறக்காமல் கிடக்கும் கேம்கள் ஒரு பக்கம், அலமாரியில் சாம்பல் நிற பிளாஸ்டிக்காகவே நிற்கும் வீரர்கள் மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்கிறார்கள், இரண்டு படகில் கால் வைக்காதே என்கிறார்கள். எதையும் உருப்படியாக முடிக்கத் தெரியாதவன் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். இதில் வேதனை என்னவென்றால், இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களே அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, தங்கள் குவியலைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். புத்தாண்டு பிறந்தால் பட்டியல் போடுகிறார்கள், மாதம் இத்தனை முடிப்பேன் என்று சபதம் எடுக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு தவறு. கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்ற வகைத் தவறும் இல்லை, அடியோடு தவறு.

நான் வடசென்னையின் கொடுங்கையூரில் இருந்து இதை எழுதுகிறேன். மணலி, எண்ணூர், துறைமுகம் என்று எங்கள் தெருக்காரர்கள் பிழைக்கப் போகும் இடங்களில் பாதிக்கு மேல் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. முழுசாக ஒரு மாலைப்பொழுது என்று யாருக்கும் வாய்ப்பதில்லை. நேரம் இங்கே துண்டுதுண்டாகத்தான் கிடைக்கிறது. குளித்துச் சாப்பிட்டு, பிள்ளைகளைப் படிக்க உட்கார வைத்தபின் கையில் மிஞ்சும் முக்கால் மணி நேரம். இரவு ஷிஃப்டுக்குப் புறப்படும் முன் தூக்கம் கலைந்த ஒரு மணி நேரம். ஒன்றைத் தொடங்கினால் அதையே முடி என்ற ஒழுக்கம், மாலை ஆறிலிருந்து பத்து வரை சொந்தமாக வைத்திருப்பவர்களின் ஒழுக்கம். துண்டு நேரக்காரர்களுக்கு அது பொருந்தாது. ஒரு துண்டில் வண்ணம், அடுத்த துண்டில் கேம் என்று மாற்றி மாற்றிச் செய்வதுதான் இரண்டையும் ஒழுங்காகச் செய்யும் வழி. இது சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்கு என்று நினைப்பவர்கள், வண்ணம் தீட்டும் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்கட்டும்.

உருவத்தின் உயரம் பெரும்பாலும் 28 முதல் 32 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, அச்சுக் கோடுகளைக் கத்தியால் சுரண்டி, ஒட்ட வேண்டும். பிறகு, வண்ணம் ஒட்டிப் பிடிக்க, பிரைமர். வெளிநாட்டு வீடியோக்களில் டின்னைக் குலுக்கி ஸ்பிரே அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் அந்த ஸ்பிரே பல நாள் மணல் மணலாகப் பொரிந்துவிடும். கீழே இருக்கும் முகம், விரல், கவச விளிம்பு எல்லாம் மறைந்துபோகும். அதனால் இங்கே பலர் பிரைமரை பிரஷ்ஷாலேயே பூசுகிறோம். அடுத்து அடி வண்ணம். தண்ணீர் கலந்து மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்தபின் இன்னொன்று. கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் நுணுக்கமெல்லாம் அடைபட்டுவிடும். பிறகு வாஷ் என்கிற நீர்த்த கறுப்போ பழுப்போ. பள்ளங்களில் இறங்கி நிழலாக நிற்க வேண்டிய திரவம் அது. அது முழுக்கக் காயும்வரை உருவத்தைத் தொடவே கூடாது. பாதி காய்ந்த நிலையில் பிரஷ் பட்டால் கறை வட்டமாக நின்றுவிடும், எடுக்கவே முடியாது. சித்திரையில் வண்ணம் தட்டிலேயே உலர்ந்துபோகும் என்று டிபன் டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு வைத்து மேலே பட்டர் பேப்பர் விரித்துக்கொள்கிறோம். கார்த்திகையில் அதே வண்ணம் காயவே மாட்டேன் என்று நிற்கும். மின்விசிறியைப் போட்டால் தூசி வந்து ஒட்டும். எங்கள் பேட்டைத் தூசியைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, இந்த வேலையில் பெரும்பகுதி காத்திருப்பு. காத்திருக்கத் தெரியாதவன் வண்ணம் தீட்ட முடியாது. அந்த நேரத்தில் வேறொன்றைச் செய்யாதே, உலர்வதைப் பார்த்துக்கொண்டே உட்காரு என்று சொல்வது எந்த வகை ஒழுக்கம்?

கொசப்பேட்டையில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் போய்ப் பார்க்கலாம். ஒரு பொம்மையை அடியிலிருந்து முடி வரை முடித்துவிட்டு அடுத்ததைக் கையில் எடுப்பவர் அங்கே யார்? வரிசையாக வெள்ளை பூசுகிறார்கள், காய வைக்கிறார்கள். வரிசையாக உடல் நிறம், பிறகு வரிசையாகப் புடவைக் கரை, நகை. கண் கடைசியில். நவராத்திரிக்கு மாதங்கள் முன்பே அந்த வீடுகளுக்குப் போனால் முகமில்லாத பொம்மைகளாகத்தான் கண்ணில் படும். அந்த வரிசையைப் பார்த்து யாரும் இவர்களுக்கு எதையும் முடிக்கத் தெரியாது என்று சொல்வதில்லை. வேலை நடக்கிறது என்கிறார்கள். என் அலமாரியில் நிற்கும் சாம்பல் நிற வரிசையும் நடக்கிற வேலைதான். அதற்கு ஒரு பண்டிகைக் கெடு இல்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

எதிர்வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார்: “இன்னும் அந்த பொம்மைய முடிக்கலையா தம்பி? போன மழைக்கே பார்த்தேனே.” முடிக்கவில்லை என்றுதான் சொன்னேன். கேட்டதில் குற்றம் இல்லை. ஆனால் அவர் வீட்டுக் கொலுவில் வருஷத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்த செட் எத்தனை வருஷமாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது! கல்யாண செட்டில் மேளக்காரர் உண்டு, நாயனக்காரர் இன்னும் வரவில்லை. அந்தக் கொலு முடிந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. இந்த வயதில் பொம்மையா என்று என்னைக் கேட்பவர்களுக்கும் அதுவே பதில். தமிழ் வீடுகளில் பெரியவர்கள்தான் பொம்மை சேர்த்தார்கள், துடைத்தார்கள், மூக்கு உடைந்தால் வண்ணம் தொட்டுச் சரிசெய்தார்கள். குழந்தைகளைத் தொட விட்டதுகூடக் கிடையாது.

இரண்டு பொழுதுபோக்கு, இரண்டு படகு என்ற பேச்சுக்கு வருகிறேன். இவை இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. எச்.ஜி. வெல்ஸ் 1913இல் தகரச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிமுறைப் புத்தகமே போட்டார். அப்போது அவருக்கு வயது 46. அந்த மேசைப் போர் மரபிலிருந்து 1974இல் பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. அதை மேசையில் ஆடிய இளைஞர்கள் கணினிக்குக் கொண்டுபோனதுதான் 1981இல் வந்த அல்டிமாவும் விசார்ட்ரியும். அவற்றைப் பார்த்து ஜப்பானில் 1986இல் டிராகன் குவெஸ்ட். இன்று உலகம் கொண்டாடும் பால்டர்ஸ் கேட் 3 அந்தப் பகடை விதிகளின் மேல்தான் ஓடுகிறது. இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1983இல் வார்ஹேமரையும் 1987இல் வார்ஹேமர் 40,000-ஐயும் உருவங்களாக விற்றது. அதே உலகத்தில் 2024இல் ஸ்பேஸ் மரைன் 2 என்ற கேம் வந்தது. அந்த கேமில் கவசத்தின் ஓரம் எங்கே தேய்கிறது, எண்ணெய்க் கறை எங்கே வழிகிறது என்று பார்த்துவிட்டு வந்து பிரஷ்ஷை எடுப்பவனுக்கு, எங்கே வெள்ளி தொட வேண்டும், எங்கே பழுப்பு தொட வேண்டும் என்று சொல்லித்தர ஆள் தேவையில்லை. ஒன்று மற்றொன்றுக்குப் பாடம். இதில் இரண்டாவது படகு எங்கே இருக்கிறது?

எல்லா கேமும் இதற்குத் தோதுப்படும் என்று நான் சொல்லவில்லை. இமைப்பொழுதில் விலகித் தப்பிக்க வேண்டிய கத்திச் சண்டை கேம்களை மாதம் ஒருமுறை தொட்டால் விரல் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அடி வாங்க வேண்டும். அவற்றை ஒரே மூச்சில் ஆடுவதே நல்லது. சிவிலைசேஷன், எக்ஸ்காம் போல முறை வைத்து ஆடுபவை வேறு. ஒரு நகர்வைச் செய்துவிட்டு எழுந்து போய் ஒரு தோள்பட்டைக்கு இரண்டாம் பூச்சு பூசிவிட்டு வரலாம். திரும்பி வரும்போது, அவசரத்தில் செய்யவிருந்த தவறான நகர்வு கண்ணில் பட்டிருக்கும். இந்த இடைவெளி ஆட்டத்தைக் கெடுப்பதில்லை. கூர்மையாக்குகிறது.

இப்போது பெரிய குற்றச்சாட்டு. கேம் என்றாலே அடிமைத்தனம். குவியல் என்றால் முற்றிய அடிமைத்தனம்.

தமிழ்நாட்டில் இந்த அச்சம் காரணமில்லாமல் வரவில்லை. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரை விட்டவர்களின் செய்திகளை வருஷக்கணக்கில் படித்தோம். நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை தந்தது. அந்த ஆண்டே சட்டமன்றம் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்தது. இந்தத் தடைகளை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தச் சட்டங்களே சூதாட்டத்தையும் மற்ற கேம்களையும் பிரித்துத்தான் பார்க்கின்றன. சட்டம் பிரித்துப் பார்த்ததை டீக்கடையும் தொலைக்காட்சி விவாதமும் பிரித்துப் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2019இல் சேர்க்கப்பட்ட கேமிங் கோளாறுக்குக்கூட அளவுகோல் கேம்களின் எண்ணிக்கை இல்லை. கட்டுப்பாடு போய்விட்டதா, மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளிவிட்டதா, கேடு வந்தபிறகும் விட முடியவில்லையா என்றுதான் அது கேட்கிறது.

இங்கே நம் ஆட்கள் முழுக்கத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்று உண்டு. ஆளைப் பிடித்து வைக்கும் கேம்களுக்குக் குவியல் கிடையாது. தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் வரிசை அறுந்துவிடும், இந்த சீசன் முடிவதற்குள் இதை வாங்காவிட்டால் இனிக் கிடைக்காது என்று கட்டி வைத்திருக்கும் இலவச கேம்களைப் பாருங்கள். அவற்றை நடத்துகிறவர்களுக்கு வேண்டியது, அந்த ஒரு கேமைத் தவிர வேறு எதையும் தொடாத ஆள். அவை முடியவே முடியாதபடி செய்யப்பட்டவை. குவியலில் இருப்பவை வேறு ரகம். தொடக்கமும் முடிவும் உள்ளவை, பெரும்பாலும் தனியாக ஆடுபவை, நிறுத்திய இடத்தில் வருஷக்கணக்கில் காத்திருப்பவை. அவை கூப்பிடுவதில்லை, செல்போனில் மணி அடிப்பதில்லை. குவியல் வைத்திருப்பவன் ஒன்றை விட்டு எழுந்து இன்னொன்றுக்குப் போகத் தெரிந்தவன். அவனைப் பார்த்து அடிமை என்பது, நோயில்லாதவனுக்கு மருந்து எழுதுகிற வேலை.

குவியல் ஏன் வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். வெண்பா என்ற கேமைத் தமிழர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்து 2023இல் வெளியிட்டது. 2024இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதை வாங்கியது. கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்பேடு, தமிழ் பேச விரும்பாத மகன். ஒரே மாலையில் முடித்துவிடலாம். அது என் கணினியில் வெகுநாள் திறக்காமல் கிடந்தது. என் அக்கா வெளிநாடு போய், அம்மாவுக்கு வீடு வெறிச்சோடித் தெரிந்த நாட்களில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு திறந்தேன். இட்லித் தட்டுகளை அடுக்கும் இடத்தில், “அடியில தண்ணி ஊத்தினியாடா மொதல்ல?” என்று கேட்டார். வாங்கிய அன்றே முடித்திருந்தால் அது ஒரு நல்ல கேமாக மட்டும் இருந்திருக்கும். ஒரு படைப்புக்கு உரிய வேளை என்று ஒன்று உண்டு. குவியல் வைத்திருப்பவனுக்குத்தான் அந்த வேளைக்காகக் காத்திருக்க வசதி.

சென்னைப் புத்தகக் காட்சி 1977இலிருந்து நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பைபையாக வாங்கிக்கொண்டு வருகிறவர்களில் எத்தனை பேர் அடுத்த காட்சிக்குள் எல்லாவற்றையும் படிக்கிறார்கள்? படிக்காத புத்தகங்கள் நிறைந்த அலமாரியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம், பெருமைப்படுகிறோம். அது நியாயமான பெருமை. அதே பெருமையை கேமுக்கும் உருவத்துக்கும் மறுப்பதற்குக் காரணம் கேட்டால், புத்தகம் உயர்ந்தது என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை.

பணம் பற்றிய ஆட்சேபத்தை மட்டும் நான் மதிக்கிறேன். உருவப் பெட்டி ஒன்று ஆயிரக்கணக்கில் விலை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கி, 2023இல் 70 ஆக்கிவிட்டார்கள். தள்ளுபடி விற்பனை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கேம் வாங்கிப் போடுவது கெட்ட பழக்கம்தான். அதை நிறுத்து என்று சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வாங்காதே என்பதும் சீக்கிரம் முடி என்பதும் ஒன்றுக்கொன்று எதிரான புத்திமதிகள். முடிப்பதையே குறியாக வைத்தவன் முடித்த கையோடு அடுத்ததற்குப் பணம் எடுக்கிறான். கணக்குத் தீர்ந்ததற்கு அவனே அவனுக்குத் தந்துகொள்ளும் பரிசு அது. குவியலோடு நிதானமாக வாழக் கற்றவனுக்குப் புதிதாக வாங்கத் தேவை வருவதில்லை. அலமாரியிலேயே வேண்டியது இருக்கிறது. ஆறப்போட்டால் காணாமல் போகும் கேம்களும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் கடைசியில் நிறுத்திவிட்டார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் ஆட முடியவில்லை. சர்வரை நம்பி இருப்பவற்றை முதலில் ஆடலாம். மற்றவை எங்கும் போய்விடாது.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது: இதெல்லாம் ஓ.எம்.ஆர் பக்கத்து ஐ.டி. பிள்ளைகளின் பொழுதுபோக்கு, நம்ம ஏரியாவுக்கு எதற்கு? வெளியே இருப்பவர்கள் சொன்னால் கோபம் வரும். நம் ஆட்களே சொல்லும்போது வலிக்கிறது. கொடுங்கையூர் என்றால் நகரத்துக்கு 250 ஏக்கருக்கும் மேல் பரந்த குப்பைமேடு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பார்வையை நாமும் வாங்கிக்கொள்ள வேண்டுமா? விளையாட்டுப் பொருள் நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. எம்.ஆர்.எஃப் 1946இல் தொடங்கியது திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில், விளையாட்டு பலூன் செய்யும் தொழிலாக. டயர் பிறகுதான். அந்தக் குழுமம்தான் 1987இல் ஃபன்ஸ்கூல் பொம்மை நிறுவனத்தையும் தொடங்கியது. ஃபன்ஸ்கூல் இந்தியாவில் வெளியிட்ட ஜி.ஐ. ஜோ வீரர்களை, வேறெங்கும் கிடைக்காத அவற்றின் வண்ணச் சேர்க்கைக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

அதைவிட எனக்கு நெருக்கமானது திருவொற்றியூர் ராயல் என்ஃபீல்டு ஆலை. 1955இலிருந்து அங்கே புல்லட் உருவானது. பெட்ரோல் டேங்கின் மேல் ஓடும் தங்கக் கோட்டைத் தலைமுறைகளாகக் கையால்தான் இழுத்தார்கள். மெல்லிய நீள மயிர் பிரஷ், ஸ்கேல் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. வளைந்த இரும்பின் மேல் ஒரே மூச்சில் ஒரு கோடு. வண்ணத்தில் கொஞ்சம் நீர்ப்பு கூடினால் வழியும், குறைந்தால் பாதியில் அறுந்துவிடும். மூச்சை எங்கே இழுப்பது, எங்கே விடுவது, மணிக்கட்டை எங்கே ஊன்றுவது, விரலை எங்கே திருப்புவது என்பது உடம்பில் ஊறியிருக்க வேண்டும். 28 மில்லிமீட்டர் வீரனின் கவச ஓரத்தில் தங்கக் கோடு இழுப்பவனுக்கு வேண்டியதும் அதே மூச்சு, அதே மணிக்கட்டு. இந்தக் கலை எங்கள் கடற்கரைப் பட்டைக்குப் புதிதில்லை. எங்கள் அப்பாக்கள் கூலிக்குச் செய்ததை நாங்கள் ஆசைக்குச் செய்கிறோம், அவ்வளவுதான். கூலிக்குச் செய்தால் மரியாதை, ஆசைக்குச் செய்தால் வெட்டி வேலை என்கிற கணக்கை நான் ஏற்கவில்லை.

அதனாலேயே எங்களை ஆதரிப்பதாக நினைத்துச் சிலர் வைக்கும் வாதமும் எனக்கு வேண்டாம். கேமில் எதிர்காலம் இருக்கிறது, 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கமே கொடுத்தார்கள் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பதக்கம் வந்தால்தான் ஆட்டத்துக்கு மானம் என்றால், ஆடும் லட்சம் பேரில் ஒருவருக்கு மட்டும் மானம் மிஞ்சும். கேரம் போர்டு கதை நம் கண் முன்னால் இருக்கிறது. வடசென்னைத் தெருமுனைக் கேரம் கிளப்புகளை வெட்டிப் பசங்க கூடும் இடம் என்றுதான் காலமெல்லாம் பேசினார்கள். 2024இல் காசிமேடு பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் காஸிமா அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபின் மாலையோடு வந்து நின்றார்கள். தங்கம் வாங்காத நூற்றுக்கணக்கான பையன்களுக்கும் பெண்களுக்கும் அதே போர்டு, வேலை முடிந்த மாலைகளைத் தாங்கக்கூடியதாக ஆக்கித் தந்திருக்கிறது. அவர்களுக்கு யார் மாலை போட்டார்கள்?

எங்கள் பொழுதுபோக்கைத் திருத்த வேண்டும் என்று உண்மையான அக்கறை இருப்பவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் கட்டடங்கள் எழுகின்றன. கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் திறந்து, படிக்கவும் வேலை செய்யவும் மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அது பெரிய உதவி. அதே போல கொடுங்கையூரில், மீனம்பாள் சாலைப் பக்கமோ கண்ணதாசன் நகர் பக்கமோ, மாலை நேரத்துக்கு ஓர் அறை கொடுங்கள். நல்ல வெளிச்சம், தூசி புகாத சன்னல், நான்கு மேசை, இரண்டு கணினி போதும். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் படுத்து எழும் வீடுகளில் ஈர வண்ணத்தோடு ஓர் உருவத்தை இரவு முழுக்க வைக்க இடம் கிடையாது. ஆகவே சுவரோரம் பூட்டுப் போட்ட ஓர் அலமாரியும் வேண்டும்: பாதி தீட்டியதை வைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ள.